மூணே முக்காலுக்கு மேல பூட்டுற கேட்

மூணே முக்காலுக்கு பெல். நாலு மணிக்கு கேட் பூட்டு. நடுவுல இருக்கற பதினஞ்சு நிமிஷத்துல ஆள் வந்த பிள்ளைங்க கெளம்பிடும், மீதி பிள்ளைங்க காம்பவுண்டுக்கு வெளியில இருக்கற சிமெண்ட் திண்டுல வரிசையா உக்காந்திருக்கும், பையை மடியில வெச்சுக்கிட்டு, சிலது அந்தப் பை மேலயே நோட்டை விரிச்சு ஹோம்வொர்க் எழுதிக்கிட்டு. கேட்டுக்கு உள்ள என்ன இருக்கு? இவ்ளோ பெரிய கிரவுண்டு, நிழலுக்கு மரம், குழாய், டாய்லெட், ஃபேன் போட்ட பன்னெண்டு கிளாஸ் ரூம், ஒரு லைப்ரரி. அத்தனையும் காலி. வாட்ச்மேன் அண்ணன் மட்டும் உள்ள ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் பிள்ளைங்க, ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே அஞ்சரை மணி வரைக்கும் ஓடும்.

என் பொண்ணும் அந்தத் திண்டுல உக்காந்தவ தான். நான் ஆபீஸ் முடிச்சு எவ்ளோ ஓடி வந்தாலும் அஞ்சேகாலுக்கு முன்னாடி கேட்டைத் தொட்டதில்ல. ஒருநாள் நல்ல மழை, அண்ணன் மனசு கேக்காம கேட்டைத் திறந்து பிள்ளைங்களை சைக்கிள் ஸ்டாண்டுக்குள்ள நிக்க விட்டிருக்கார், மறுநாள் அவருக்கு செம திட்டு, "ஸ்கூல் டைம் முடிஞ்சு உள்ள ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது"ன்னு. நியாயமான கேள்வி தான். ஆனா வெளியில திண்டுல ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றதுன்னு யாரும் கேக்கல பாருங்க, அது தான் என்னை உசுப்பி விட்டுச்சு.

அன்னிக்கு ராத்திரி சும்மா ஒரு கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு 200 நாள் ஸ்கூல், நாளுக்கு 7 மணி நேரம், மொத்தம் 1,400 மணி நேரம். வருஷத்துல இருக்கறது 8,760 மணி நேரம். அதாவது அந்தக் கட்டடம் 16 சதவீத நேரம் தான் வேலை பாக்குது. சரி, தாராளமா 220 நாள், 8 மணி நேரம்னு வெச்சாலும் 20 சதவீதம் கிட்ட தான் வருது. ராத்திரி தூங்குற நேரத்தைக் கழிச்சிடுங்கன்னு சொல்வீங்க, கழிச்சாலும் முழிச்சிருக்கற நேரத்துல பாதிக்கு மேல அது பூட்டிக் கிடக்கு. ஒரு தெருவுலயே பெரிய இடம், எல்லார் வீட்டுக்கும் நடந்து போற தூரம், எல்லாரோட வரிப்பணத்துலயும் கட்டினது, அதுக்கு பக்கத்துலயே கம்யூனிட்டி ஹால் கட்ட இடம் இல்லன்னு மனு மேல மனு போட்டுட்டு இருக்கோம்.

இத்தனைக்கும் பள்ளிக்கூடம் திறக்கவே திறக்காதுன்னும் இல்ல. தேர்தல் வந்தா திறக்கும். வெள்ளம் வந்தா ராத்திரி ரெண்டு மணிக்குக் கூட சாவி கிடைச்சிடும். வங்கதேசத்துல கடலோரம் தூண் வெச்சு ஒசத்திக் கட்டின புயல் ஷெல்டர் நெறைய இருக்கு, அதுல பலதுல சாதா நாள்ல நடக்கறது பள்ளிக்கூடம் தான், புயல் வந்தா மட்டும் ஊரே மேல ஏறிக்கும். ஜப்பான்ல நிலநடுக்கம் வந்தா ஜனங்க நேரா போற இடம் ஸ்கூல் ஜிம். ஆக ஆபத்துன்னா அது ஊர்ச் சொத்து, சாதா நாள்ல நாலு மணிக்கு மேல அது யாரோ ஒருத்தரோட சொத்து மாதிரி ஆயிடுது.

சாயந்தரமும் பள்ளிக்கூடத்தைத் திறந்து வெச்சு பிள்ளைங்களை உள்ளயே பாத்துக்கலாமேன்னு, நான் ஏதோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி எச்.எம். ரூமுக்குப் போனேன், அப்புறம் படிச்சுப் பாத்தா இது நூறு வருஷத்துக்கு மேல பழைய யோசனை. அமெரிக்காவுல ரோசெஸ்டர்னு ஒரு ஊர்ல 1907லயே எட்வர்ட் வார்ட்னு ஒருத்தர் சாயந்தரத்துல பள்ளிக்கூடங்களைத் திறந்து விட்டு, பெரியவங்க கூடிப் பேச, படிக்க, விளையாடன்னு ஆரம்பிச்சாரு, கூட்டம் நல்லாவே வந்துச்சு. வந்த ஜனங்க சும்மா இருப்பாங்களா, ஊர் நிர்வாகத்தைப் பத்தியும் பேச ஆரம்பிச்சாங்க. அரசியல்வாதிங்களுக்கு அது ருசிக்கல. கொஞ்ச வருஷத்துல பணத்தை நிறுத்தினாங்க, கதை முடிஞ்சுது. இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ஷயர் கல்வி அதிகாரியா இருந்த ஹென்றி மோரிஸ் இன்னும் ஒரு படி மேல போய், கட்டும்போதே ரெண்டுக்கும் சேத்துக் கட்டுங்கன்னாரு. பகல்ல பசங்களுக்கு ஹைஸ்கூல், ராத்திரி ஊருக்கே லைப்ரரி, ஹால், பெரியவங்களுக்கு வகுப்பு. அப்படி முதல்ல திறந்தது சாஸ்டன்ல, 1930ல. அந்த வரிசையில இம்பிங்டன்ங்கற ஊர்ல 1939ல திறந்த கட்டடத்தை டிசைன் பண்ணவங்க வால்டர் க்ரோப்பியஸும் மேக்ஸ்வெல் ஃப்ரையும். க்ரோப்பியஸ்னா ஜெர்மனியில பௌஹவுஸ்ங்கற பேர்போன டிசைன் பள்ளியை ஆரம்பிச்ச அதே க்ரோப்பியஸ். கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு!

எனக்குப் பிடிச்ச கதை ஃப்ளின்ட் தான். மிச்சிகன்ல கார் ஃபேக்டரி ஊர். 1935, ஊரே வேலை இல்லாம கெடந்த காலம். ஃபிராங்க் மேன்லின்னு ஒரு உடற்பயிற்சி ஆசிரியர், பசங்க ரோட்ல திரிஞ்சு வம்புல மாட்டறாங்க, பள்ளிக்கூட கிரவுண்டுங்க பூட்டிக் கெடக்குன்னு ஒரு கூட்டத்துல பேசறாரு, கேட்டுக்கிட்டு இருந்தவங்கள்ல ஒருத்தர் சார்லஸ் ஸ்டூவர்ட் மாட், ஜெனரல் மோட்டார்ஸ்ல பெரிய பங்குதாரர். அவரோட ஃபவுண்டேஷன் பணம் குடுத்து அஞ்சு பள்ளிக்கூடத்தைத் திறந்து வெச்சாங்க. பிள்ளைங்களுக்குன்னு ஆரம்பிச்சது, பின்னாடியே அம்மா அப்பா வந்தாங்க, தையல் கத்துக்கறது, டாக்டர் செக்கப், ராத்திரி வகுப்புன்னு வளந்து போய் மத்த ஊர்க்காரங்க எல்லாம் பஸ் வெச்சு வந்து பாத்துட்டுப் போற அளவுக்கு ஆச்சு. ஒரு வாத்தியார், ஒரு பணக்காரர், ஒரு சாவி. ஆனா அந்த "ஒரு"ங்கறதுல தான் சிக்கலே இருக்கு, அதுக்கு அப்புறம் வரேன்.

சரி எங்க கதைக்கு வருவோம். எங்களுக்கு இருந்த எச்.எம். டீச்சர் நல்ல மனுஷி. நான் பேசி முடிச்சதும் கொஞ்ச நேரம் ஃபேனையே பாத்துட்டு இருந்தாங்க, அப்புறம், "ரூம் தரேன். என் டீச்சர்ஸைக் கேக்காதீங்க"ன்னாங்க. எனக்கு அப்ப அது கொஞ்சம் கறாரா பட்டுச்சு. இப்ப யோசிச்சா அந்த ஒரு நிபந்தனையால தான் எங்க சாயந்தரக் கூடம் பதினாலு மாசம் ஓடுச்சு.

ஏன் சொல்றேன்னா, இதுல எல்லா ஊர்லயும் முதல் அடி விழறது டீச்சர் தலையில தான். கொரியாவுல 2024ல நெல்போம்னு ஒரு திட்டம், காலைல ஸ்கூலுக்கு முன்னாடியும் சாயந்தரம் தேவைப்பட்டா 8 மணி வரைக்கும் ஆரம்பப் பள்ளியிலயே பிள்ளைங்களை வெச்சுப் பாத்துக்கறது, மார்ச்ல ஒரு பகுதி பள்ளிங்கள்ல தொடங்கி அந்த வருஷம் ரெண்டாவது செமஸ்டர்லயே நாடு முழுக்க ஒண்ணாங்கிளாஸுக்குக் கொண்டு வந்துட்டாங்க. பெத்தவங்களுக்கு சந்தோஷம். ஆசிரியர் சங்கங்க கொதிச்சிடுச்சு, ஆள் எடுக்கறது, லிஸ்ட் போடறது, பெத்தவங்களுக்கு ஃபோன் அடிக்கறது எல்லாம் எங்க மேல வந்து விழுதுன்னு. அப்புறம் தான் அதுக்குன்னே ஸ்கூல்ல தனி ஆபீஸ், தனி ஆளுன்னு போட்டாங்க. நாள் முழுக்க நாப்பது பிள்ளைங்களோட கத்தின தொண்டையை இன்னும் ரெண்டு மணி நேரம் கத்துன்னா எப்படி? அவங்களுக்கும் வீட்ல பிள்ளை இருக்காதா, அதுவும் ஏதோ ஒரு கேட் வாசல்ல தானே உக்காந்திருக்கும்?

அதனால நாங்க பெத்தவங்க கொஞ்ச கொஞ்சம் பணம் போட்டு ஒரு அக்காவை வேலைக்கு வெச்சோம், முன்னாடி பாலர் பள்ளியில வேலை பாத்தவங்க. கூட தினமும் பெத்தவங்கள்ல ஒருத்தர் டியூட்டி. கீழ் தளத்துல ரெண்டு கிளாஸ் ரூம், வராண்டா, கிரவுண்டு. இருபத்தாறு பிள்ளைங்க. மூணே முக்கால்லேர்ந்து ஆறரை.

இருபத்தாறு பிள்ளைங்களைக் கூட சமாளிச்சிடலாங்க. ஒரு கிளாஸ் ரூமை ரெண்டு பேர் பங்கு போட்டுக்கறது இருக்கே, அது கூட்டுக் குடும்பத்துல ஒரே அடுப்படி மாதிரி. வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு கிளாஸ் ரூம்ங்கறது நாலு செவுரு, ஒரு போர்டு. அந்த டீச்சருக்கு அது வீடு. போர்டு ஓரத்துல "அழிக்காதீர்"னு கட்டம் கட்டி மறுநாளுக்கான கணக்கு எழுதி வெச்சிருப்பாங்க, நாங்க முதல் வாரமே அதை அழிச்சோம். பெஞ்சை ஒதுக்கி பாய் விரிச்சோம், திரும்ப போடும்போது வரிசை மாறிப் போச்சு, காலைல ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்க "இது என் எடம்"னு அழுது ரகளை. சாக்பீஸ் டப்பா காலியாகுது. சார்ட்டோட ஒரு மூலை பிஞ்சு தொங்குது. இதெல்லாம் கூட போகட்டும், ஜன்னல் திட்டுல அந்த கிளாஸ் பிள்ளைங்க பேப்பர் கப்புல பஞ்சு வெச்சு அவரை விதை மொளைக்க வெச்சிருந்தாங்க, ஒவ்வொரு கப்புலயும் பேரு எழுதி. எங்க கூடத்துப் பையன் ஒருத்தன் ஜன்னலை இழுத்து சாத்தறேன்னு சாத்தினான், ஒரு வரிசை கப்பு அப்படியே கீழ. நான் தான் அன்னிக்கு டியூட்டி. மொளையை எல்லாம் பொறுக்கி ஈரப் பஞ்சுல திரும்ப வெச்சேன், ஆனா எந்த மொளை யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் காலைல அந்த டீச்சர் என்கிட்ட ஒண்ணுமே சொல்லல. ஒரு பார்வை. திட்டியிருந்தா தேவலன்னு இருந்துச்சு.

அந்த மொளை விவகாரத்துக்கு அப்புறம் தான் எங்களுக்கு புத்தி வந்துச்சு. போன உடனே ரூமை ஃபோன்ல ஒரு ஃபோட்டோ, கெளம்பும்போது அதே மாதிரி இருக்கான்னு பாத்துட்டு இன்னொரு ஃபோட்டோ. எங்களுக்குன்னு சக்கரம் வெச்ச ஒரு பழைய பீரோ, சாக்பீஸ் முதல் பந்து வரைக்கும் எங்க சாமான் எல்லாம் அதுக்குள்ள. ஜன்னல் திட்டு தொடக்கூடாத ஏரியா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்த ரெண்டு கிளாஸ் டீச்சர்கிட்டயும் அஞ்சு நிமிஷம் நின்னு பேசறது. இந்த அஞ்சு நிமிஷம் இல்லன்னா மூணாவது மாசமே எங்களை வெரட்டி விட்டிருப்பாங்க. புதுசா ஸ்கூல் கட்டறவங்களுக்கு என்னோட ஒரே வேண்டுதல், பெருசா ஒண்ணும் வேண்டாம், கேட்டுக்குப் பக்கத்துல யாரோட கிளாஸும் இல்லாத ஒரு பெரிய ரூம், அதுக்குன்னு தனி டாய்லெட், நடுவுல பூட்டற மாதிரி ஒரு கதவு. முழு பில்டிங்கைத் திறக்கவே வேண்டாம். பாதுகாப்புன்னு கேள்வி வரும்போதும் பதில் அந்தக் கதவு தான், மாடிக்கு யாரும் போக முடியாது, வர போக ஒரே வழி.

பாதுகாப்புன்னு சொன்னதும் பல பேர் அதோட பேச்சை முடிச்சிடறாங்க, எனக்கு அதுல முழு உடன்பாடு இல்ல, ஆனா பயத்தைக் கேலி பண்ணவும் மாட்டேன். பள்ளிக்கூடத்துக்குள்ள ஆள் புகுந்து பிள்ளைங்களைக் கொன்னது நடந்திருக்கு, ஸ்காட்லாந்துல டன்ப்ளேன்ல 1996ல, ஜப்பான்ல ஒசாகாவுல 2001ல, ரெண்டுமே ஸ்கூல் நேரத்துல நடந்தது தான். அதுக்கு அப்புறம் தான் அந்த நாடுகள்ல கேட்டு, கேமரா, உள்ள வர்றவங்க பேரு எழுதறதுன்னு எல்லாம் கெடுபிடி ஆச்சு. அதே நாடுகள்ல இன்னிக்கும் சாயந்தரம் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க இருக்காங்க. என்ன வித்தியாசம்னா யார் உள்ள இருக்காங்கன்னு ஒருத்தருக்குத் தெரியும். எங்க நோட்டுல நாலு கட்டம் இருந்துச்சு: பிள்ளை பேரு, வந்த நேரம், கூட்டிட்டுப் போனவங்க பேரு, கையெழுத்து. முன்கூட்டி பேர் குடுக்காத சித்தப்பா வந்து நின்னா கூட விட மாட்டோம், ஒரு தடவை ஒரு தாத்தா என்னை சபிச்சுட்டே அரை மணி நேரம் நின்னாரு, பேரன் "தாத்தா தாத்தா"ன்னு உள்ள குதிக்கறான், நான் அவனோட அம்மா ஃபோன் எடுக்கற வரைக்கும் அசையல. அந்தம்மா அப்புறம் ஃபோன்ல எனக்கு நன்றி சொன்னாங்க, தாத்தா இன்னி வரைக்கும் என்னோட பேசறதில்ல.

இன்சூரன்ஸ், கரெண்ட் பில் எல்லாம் பேசித் தீர்த்துக்கற விஷயம், விட்ருவோம். டாய்லெட் மட்டும் தான் தீராத விஷயம். காலைல பிள்ளைங்க வர்றதுக்குள்ள கழுவியிருக்கணும், ஆனா கழுவற அக்கா மூணு மணிக்கே போயிடுவாங்க. நாங்களே கழுவினோம். ஆம்பளைங்க டியூட்டி வர்ற நாள்ல மட்டும் அது எப்படியோ மறந்து போயிடும், அதுக்கு தனியா ஒரு பஞ்சாயத்து.

இன்னொரு சண்டை, அதுல நான் தோத்துக்கிட்டே இருந்தேன், இங்கயாவது சொல்லிடறேன். பெத்தவங்கள்ல பாதி பேருக்கு மேல, "சும்மா தானே உக்காந்திருக்காங்க, ரெண்டு கணக்கு சொல்லிக் குடுத்தா என்ன"ன்னு. காலைலேர்ந்து பெஞ்சுல உக்காந்த பிள்ளைக்கு மறுபடியும் அதே பெஞ்சு, அதே போர்டு, என்னங்க இது? நாலு மணிக்கு அதுங்க முகத்தைப் பாத்திருக்கீங்களா? ஒண்ணு பாய்ல குப்புறப் படுத்துக்கும், பேசாது. ஒண்ணு கிரவுண்டை மூணு சுத்து வெறி பிடிச்ச மாதிரி ஓடிட்டு வந்து தான் மனுஷங்களோட பேசும். என் பொண்ணு ஒரு மாசம் பூரா பீரோவுக்குப் பின்னாடி ஒரு கயித்தைக் கட்டி அவிழ்த்து கட்டி அவிழ்த்து உக்காந்திருந்தா, என்ன பண்றான்னு கேட்டேன், "வேலை இருக்கு"ன்னா. ஸ்வீடன்ல இந்த மாதிரி சாயந்தரக் கூடத்துக்கு ஃப்ரிட்டிட்ஸ்ஹெம்னு பேரு, ஓய்வு நேர வீடுன்னு அர்த்தம் பண்ணிக்கலாம். பெரும்பாலும் பள்ளிக்கூட வளாகத்துக்குள்ளயே இருக்கு, அப்பா அம்மா வேலைக்கோ படிக்கவோ போறவங்கன்னா பிள்ளைக்கு இடம் தர வேண்டியது நகராட்சியோட கடமை, 13 வயசு ஆகற வருஷம் வரைக்கும். அங்க வேலை பாக்கறவங்களுக்குன்னு தனியா காலேஜ் படிப்பே இருக்கு, ஏன்னா பிள்ளையை விளையாட விடறதும் படிச்சுக் கத்துக்க வேண்டிய தொழில்னு அவங்க நினைக்கறாங்க. நாங்க கடைசியில ஹோம்வொர்க்குக்கு அரை மணி நேரம்னு சமரசம் பண்ணோம். அந்த அரை மணி நேரம் மெல்ல முக்கால் ஆச்சு, ஒரு மணி ஆச்சு.

ஊர் ஜனங்க வர ஆரம்பிச்சது நாங்க திட்டம் போட்டு நடந்ததில்ல. கேட் திறந்திருக்கேன்னு ரெண்டு பெரியவங்க கிரவுண்டுல நடக்க வந்தாங்க. அதுல ஒருத்தர் ரிட்டயர்டு ஆளு, லைப்ரரி ஜன்னல் வழியா புஸ்தகத்தையே எட்டி எட்டிப் பாத்துட்டு இருந்தாரு, எச்.எம். டீச்சர் வாரத்துல ரெண்டு நாள் லைப்ரரி சாவியை அவர்கிட்டயே குடுத்துட்டாங்க. முழங்கால் ஒசரத்துக்கு இருக்கற குட்டி நாற்காலியில அவர் முட்டி மோவாயில இடிக்க உக்காந்து படிப்பாரு. அட்டை பிஞ்ச புஸ்தகத்தை எல்லாம் ஒட்டி வெச்சாரு, அவரைச் சுத்தி நாலு பிள்ளைங்க பசை தடவிக்கிட்டு இருக்கும். அடுத்து சனிக்கிழமை காலைல பெரிய பசங்க கிரவுண்டுக்கு விளையாட வந்தாங்க. பாரிஸ்ல இதை நகரமே செய்யுது, சிமெண்டுத் தரையா இருந்த பள்ளிக்கூட கிரவுண்டுங்களை உடைச்சு மரம் வெச்சு நிழலாக்கி, அதுல பலதை சனிக்கிழமை அக்கம்பக்கத்துக்குத் திறந்து விடறாங்க, வெயில்ல ஒதுங்கவும் இடம் ஆச்சு, பிள்ளைங்க விளையாடவும் ஆச்சு. கட்டடத்தைத் திறக்க பயப்படறவங்க கிரவுண்டுலேர்ந்தாவது ஆரம்பிக்கலாம், அதுக்கு போர்டும் இல்ல, மொளை வெச்ச கப்பும் இல்ல.

இப்ப அந்த "ஒரு"வுக்கு வரேன். பதினாலாவது மாசம் எங்க எச்.எம். டீச்சருக்கு ட்ரான்ஸ்ஃபர். புதுசா வந்தவங்க மேல எனக்கு கோவம் எல்லாம் இல்ல, அவங்க வந்த ரெண்டாவது வாரம் எங்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "இதுக்கு ஆர்டர் எங்க?" நான் நோட்டைக் காட்டினேன், ஃபோட்டோவைக் காட்டினேன், பெத்தவங்க கையெழுத்தைக் காட்டினேன். "அதில்லம்மா, ஆர்டர்." ஆர்டர் இல்ல. பதினாலு மாசமும் நாங்க ஓட்டினது ஒருத்தரோட நல்ல மனசுல. மனசு ட்ரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு. திங்கக்கிழமை கேட் நாலு மணிக்குப் பூட்டிடுச்சு.

அதுக்கு அப்புறம் இந்தப் பழைய கதையை எல்லாம் தேடிப் படிச்சப்ப எனக்குக் கண்ணுல பட்டதே இது தான். ரோசெஸ்டர்ல பணம் குடுத்தவங்க கை விட்டாங்க, மூடிடுச்சு. இங்கிலாந்துல 2005ல அரசாங்கமே சொல்லிச்சு, 2010க்குள்ள எல்லாப் பள்ளிக்கூடமும் காலைல 8லேர்ந்து சாயந்தரம் 6 வரைக்கும் பிள்ளைங்களுக்கு வழி பண்ணணும்னு, நெறைய நடந்துச்சு, 2011ல அதுக்குன்னு ஒதுக்கி வெச்ச பணத்தைப் பொதுக் கணக்குல சேத்ததும் பல இடத்துல தானா தேஞ்சு போச்சு, 2023ல திரும்பவும் அதே 8லேர்ந்து 6ன்னு புதுசு மாதிரி அறிவிச்சாங்க. ஜப்பான்ல 1949 சட்டத்துலயே பள்ளிக்கூடக் கட்டடத்தை ஊர் ஜனங்க கத்துக்கறதுக்குக் குடுக்க முயற்சி பண்ணணும்னு எழுதியிருக்கு. முயற்சி பண்ணணும்! நம்ம ஆபீஸ்ங்கள்ல "ஆவன செய்யப்படும்"னு எழுதற மாதிரி. அங்க பிள்ளை ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்ததும் பாலர் பள்ளியில இருந்த சாயந்தர வசதி போய் அம்மாக்கள் வேலையை விடற நிலைமைக்கு "ஒண்ணாங்கிளாஸ் சுவர்"னு ஒரு பேரே புழக்கத்துல இருக்கு. சாயந்தர கிளப்புங்களை 1997ல சட்டத்துக்குள்ள கொண்டு வந்தும் இடம் பத்தாம பிள்ளைங்க வரிசையில நிக்கறாங்க. ஜெர்மனிக்காரங்க தான் கறாரா எழுதினாங்க, 2021ல போட்ட சட்டம், 2026 ஆகஸ்ட்ல ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து தொடங்கி வருஷத்துக்கு ஒரு கிளாஸா ஏறி 2029ல நாலாங்கிளாஸ் வரைக்கும், வாரத்துல 5 நாள், ஸ்கூல் நேரமும் சேத்து நாளுக்கு 8 மணி நேரம், பிள்ளையோட உரிமைன்னு. லீவு நாளும் அதுல சேரும், வருஷத்துல 4 வாரம் வரைக்கும் தான் மூடலாம். ஆள் பத்தலன்னு அங்கயும் ஒரே புலம்பல், அது வேற. ஆனா எச்.எம். மாறினா போயிடாது.

அதனால இப்ப நாங்க ஒரு ஆறு பேர் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒரு பேப்பர் தயார் பண்றோம். சாவி மூணு, யார் யார் கையில. எந்த ரூம், எத்தனை மணிக்கு காலி பண்ணணும். சம்பளம் எங்கேர்ந்து. டாய்லெட் (ஆம்பளைங்க பேரு முதல்ல போட்டிருக்கேன்). கிளாஸ் டீச்சரோட வெள்ளிக்கிழமை அஞ்சு நிமிஷம். ஆறரைக்கு மேலயும் ஆள் வராத பிள்ளையை என்ன பண்றது, இந்த ஒரு வரியில மட்டும் மூணு வாரமா நிக்கறோம், ஒருத்தர் வாட்ச்மேன்ங்கறார், ஒருத்தர் போலீஸ்ங்கறார், எங்க அக்கா "நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்"ங்கறாங்க, அதை எழுத்துல போட முடியாதேன்னு நான். இதை எடுத்துக்கிட்டு மேல ஆபீஸுக்குப் போகணும், புது எச்.எம். டீச்சரே, "நீங்க ஆர்டர் வாங்கிட்டு வாங்க, நானே திறந்து விடறேன்"னு சொல்லியிருக்காங்க, பாப்போம்.

என் பொண்ணு இப்ப பெரிய கிளாஸ், தனியா நடந்து வந்துடறா. அவ இல்லாட்டியும் நான் வர்ற வழியில அந்தத் திண்டைப் பாக்காம போறதில்ல. போன வாரம் பாத்தேன், வாட்ச்மேன் அண்ணன் கேட்டை வழக்கம் போல நாலு மணிக்குப் பூட்டிட்டு, ஸ்டூலை வெளியில தூக்கிட்டு வந்து பிள்ளைங்களுக்குப் பக்கத்துல போட்டு உக்காந்திருந்தார். என்னண்ணே இடம் மாறிட்டீங்கன்னு கேட்டேன்.

"அதுங்களை உள்ள விடத் தானேம்மா ஆர்டர் வேணும். நான் வெளிய வந்து உக்கார எதுக்கு?"